இன்னும் ஐம்பது அடி



தொலைக்காட்சித் தொடர் பார்ப்பது பாவமா என்று நம் சபைகள் நெடுங்காலம் கேட்டிருக்கின்றன. இவ்வாரம் நான் எடுத்துக்கொள்வது அதைவிடச் சிறியதாகத் தோன்றும் வேறொரு கேள்வி. பார்க்கத் தொடங்கிவிட்ட ஒரு தொடரைத் தொடர்ந்து பார்ப்பதா, பாதியில் விட்டுவிடுவதா? இது சிரிப்புக்குரிய கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். நம் இல்லங்களில் ஒவ்வோர் இரவும் அரைமணி நேரம் எவர் கையில் இருக்கிறது என்பது இக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் வீட்டுக்கூட்டம் முடிந்தபின் என்னிடம் இதைக் கேட்டார். மாலை வேலை முடிந்து, பேருந்து பிடித்து, வீடு சேர்ந்து, சமைத்து, பிள்ளைகளுக்குப் பரிமாறி முடிக்கும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். அப்போதுதான் அவர் முதன்முதலாகத் தரையில் உட்காருவார். “அந்த அரைமணி நேரந்தானுங்கய்யா எனக்குன்னு இருக்கறது. ஆனா இப்பெல்லாம் பாத்துட்டு எந்திரிச்சா மனசு பாரமாத்தான் இருக்குதுங்க. இத்தன நாள் பாத்துப்போட்டு எப்படீங்க விடறது?” என்றார்.

அவர் பார்த்தது ‘எதிர்நீச்சல்’. அதனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். திருச்செல்வம் இயக்கத்தில் 2022 பிப்ரவரி 7 அன்று சன் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் அது. ஆதி குணசேகரன் என்னும் மூத்த அண்ணனின் சொல்லே சட்டமாக இருக்கும் வீடு. அவ்வீட்டிற்கு வாழவந்த ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்னும் நான்கு பெண்கள். படித்தவர்களாய் இருந்தும், திறமை உடையவர்களாய் இருந்தும், அடுக்களைக்குள் அடைக்கப்பட்டவர்கள். குணசேகரனாக நடித்த மாரிமுத்து திரையில் அதட்டியபோது, கொங்கு நாட்டின் எத்தனையோ வீடுகளில் பெண்கள் மெல்லத் திரும்பித் தம் வீட்டு ஆண்களைப் பார்த்தார்கள். “அது எங்க வீடுதானுங்க” என்று சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்லர். சம்பளப் பணத்தை மனைவி சம்பாதிக்க, ஏடிஎம் அட்டை கணவன் சட்டைப்பையில் இருக்கும் வீடுகள் நம் சபையிலும் உண்டு அல்லவா?

ஆகையால் கதை கேட்பதை நான் குறைத்துப் பேசமாட்டேன். தாவீது அரசனின் மனச்சாட்சியைத் திறந்தது ஒரு கதைதான். ஏழை ஒருவனிடம் இருந்த ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வந்தன் பறித்துக்கொண்ட கதையை நாத்தான் சொன்னார். அரசன் கதைக்குள் நுழைந்து, அந்தச் செல்வந்தன்மேல் கோபம் கொண்டு, தீர்ப்பும் கூறினான். அதன் பின்பே, அந்த மனிதன் அவனே என்று தீர்க்கதரிசி சுட்டிக்காட்டினார். இறையியல் கல்லூரியில் அப்பகுதியைப் படித்த நாள் முதல் ஒன்று என் மனதில் தங்கியிருக்கிறது: நாத்தான் கதையை முடித்தார். கதை முடிந்ததனால்தான் கேட்டவன் தீர்ப்புச் சொன்னான். தீர்ப்புச் சொன்னதனால்தான் அது அவன்மேலேயே திரும்பியது. ‘தொடரும்’ என்று நாத்தான் அன்று நிறுத்தியிருந்தால், தாவீது மறுநாளும் கதை கேட்க ஆவலோடு வந்து உட்கார்ந்திருப்பான், மனந்திரும்பியிருக்கமாட்டான்.

நம்மில் மூத்தோருக்கு நினைவிருக்கும். தூர்தர்ஷன் காலத்தில் 13 வாரத் தொடர்கள் வழக்கமாக இருந்தன. ஞாயிறு காலையில் நாட்டையே தன்முன் உட்காரவைத்த ‘இராமாயணம்’கூட 1987 ஜனவரியில் தொடங்கி, 1988 ஜூலையில் 78 பகுதிகளோடு நிறைவுற்றது. தனியார் தொலைக்காட்சிகள் பெருகி, வாரத்தில் ஐந்து, ஆறு நாட்கள் கதை வரத் தொடங்கியபின் கணக்கு மாறிற்று. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் கருவி பொருத்தி, எத்தனைபேர் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்கிறார்கள். பார்க் என்னும் அமைப்பு வாரந்தோறும் அவ்வெண்களை வெளியிடுகிறது. எண் உயர்ந்தால் விளம்பர வருவாய் உயரும். எண் உயர்ந்திருக்கும் தொடரை முடிக்க எவருக்கும் மனம் வராது. எனவே கல்யாணம் நின்றுபோகும். நல்லவர்கள் பேசவேண்டிய இடத்தில் மௌனமாவார்கள். கதவுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து கேட்பார். இதில் எழுதுகிறவர்களின் திறமைக் குறைவு ஏதும் இல்லை. முடியக்கூடாது என்பதற்காகவே கட்டப்படும் வீட்டுக்குக் கூரை போட முடியாது, அவ்வளவுதான்.

‘எதிர்நீச்சல்’ குழுவினருக்கும் ஒரு நாள் நம் கேள்வியே வந்து நின்றது. 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்கான குரல்பதிவின்போது உடல்நலம் குன்றி, மாரிமுத்து சென்னையில் காலமானார். தொடருவதா, நிறுத்துவதா? சில வாரங்கள் குணசேகரன் இல்லாமலே கதை நகர்ந்தது. பின்னர் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். பலர் தொடர்ந்து பார்த்தார்கள். பலர் அன்றோடு விட்டுவிட்டார்கள். 2024 ஜூனில் தொடர் நிறைவுற்றது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்னும் பெயரில் மீண்டும் வந்தது. நம் சகோதரியின் கேள்வியும் மீண்டும் எழுந்தது.

அவர் சொன்னதில் என்னை நிறுத்திய சொல், ‘இத்தன நாள்’ என்பதே. கொங்கு மண்ணில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க எனக்கு வேறு உவமை வேண்டாம். அன்னூரிலும் சூலூரிலும் பல்லடத்திலும் போர் போட்டவர்களைக் கேளுங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி தோட்டத்துக்குள் வந்து நிற்கும். முந்நூறு அடி, ஐந்நூறு அடி, எண்ணூறு அடி. மேலே வருவது வெள்ளைப் புகையாய்ப் பாறைத்தூள் மட்டும். ஆழம் கூடக்கூட அடிக்கான கூலியும் கூடும். ஆனாலும் தோட்டக்காரர் சொல்வார்: “இவ்வளவு தூரம் போயாச்சு. இன்னும் ஒரு அம்பது அடி பாத்தறலாமுங்க.” அந்த ஐம்பதுக்குப்பின் இன்னோர் ஐம்பது. நகைக்கடன் வாங்கி ஆயிரம் அடி கடந்து, தூள் படிந்த முகத்தோடு நின்றவர்களோடு நானும் வரப்பில் நின்றிருக்கிறேன். அனுபவமுள்ள விவசாயி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைக் கொண்டு முடிவெடுப்பதில்லை. குனிந்து, மேலே வரும் தூளைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்ப்பார். ஈரம் இருக்கிறதா? இருந்தால் தொடருவார். இல்லையென்றால் போனது போனதுதான், வண்டியை அனுப்பிவிடுவார்.

தொடரையும் அப்படித்தான் பார்க்கவேண்டும் என்று எண்ணுகிறேன். ‘இத்தனை ஆண்டுகள் பார்த்தோமே’ என்பது ஆழத்தின் கணக்கு. ஒன்பதரைக்கு உட்கார்ந்து பத்து மணிக்கு எழும்போது உள்ளத்திலிருந்து என்ன மேலே வருகிறது என்பதே ஈரத்தின் கணக்கு. சிரிப்பு வருகிறதா, இரக்கம் வருகிறதா, பக்கத்தில் இருப்பவரோடு பேச ஒரு சொல் வருகிறதா? அப்படியானால் குற்ற உணர்வின்றிப் பாருங்கள். எரிச்சலும் சந்தேகமும் மருமகளைப் பற்றிய புதிய கற்பனைகளும் மட்டுமே வருகின்றனவா? அது வெறும் தூள்.

ஈரம் சில வேளை கதைக்குள் இராமல் கதைக்கு வெளியே இருப்பதும் உண்டு. என் தாயார் தம் கடைசி ஆண்டுகளில் ‘கோலங்கள்’ பார்த்தார்கள். அதுவும் திருச்செல்வம் இயக்கியதே. 2003 முதல் 2009 வரை ஓடியது. தேவயானி அபி என்னும் மூத்த மகளாகக் குடும்பத்தைத் தாங்கிய கதை. 1,500-க்கும் மேற்பட்ட பகுதிகள். பகுதிக்கு அரைமணி என்று வைத்தாலும் 750 மணி நேரம். தூங்காமல் கொள்ளாமல் ஒரு மாதம் முழுவதும் உட்கார்ந்து பார்ப்பதற்குச் சமம். நான் வீட்டிலிருந்த இரவுகளில் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். கண்பார்வை மங்கியபின், திரையில் நடப்பதை நான் சொல்ல, அம்மா கேட்டு, “அந்தப் புள்ளைக்கு எப்பத்தான் விடியுமோ” என்பார்கள். விளம்பர இடைவேளையில்தான் தம் இளமைக்காலத்தைப் பேசுவார்கள். தாம் பள்ளிக்கூடத்தை விட்ட கதையை அப்படியொரு இடைவேளையில்தான் எனக்குச் சொன்னார்கள். 2008-இல் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின் அந்தத் தொடரை நான் பார்க்கவில்லை. அபியின் கதை எவ்வாறு முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அபியை அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாகவேண்டும். ஈரம் இல்லையென்றால் விட்டுவிடு என்னும் இந்த விதி கதைக்கும் போருக்கும் உரியது, மனிதருக்கு உரியதன்று. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் ஆண்டவர் சொன்ன அத்திமர உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுகள் கனி தேடியும் கிடைக்காததால் மரத்தை வெட்டச் சொல்கிறார் உடையவர். தோட்டக்காரனோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறான். ‘இன்னும் ஐம்பது அடி’ என்பதும் ‘இன்னும் ஓராண்டு’ என்பதும் கேட்பதற்கு ஒன்றுபோல் இருக்கின்றன. ஆனால் தோட்டக்காரன் சும்மா காத்திருக்கத் தவணை கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாகச் சொல்லிக் கேட்டான். அவன் உழைப்பினால் மரம் மாறக்கூடும். பாறைக்குள் இல்லாத தண்ணீரை நம் காத்திருப்பு வரவழைக்காது. திரையில் வரும் குணசேகரனை நம் கண்ணீர் ஒரு நாளும் திருத்தாது. நம் வீட்டிலிருக்கும் மனிதரோ நம் அன்பினாலும் கண்டிப்பினாலும் ஜெபத்தினாலும் மாறக்கூடியவர்.

ஆனால் நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாய் இருக்கிறது. மாறாத கதைக்கு ஆறு ஆண்டுகள் பொறுமை காட்டுகிறோம். உடன்பிறந்தவரோடு காட்டுவேலிப் பிரச்சினையில் ஆறு வாரம் பொறுக்க முடியவில்லை. நாளைய பகுதியில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிறோம். அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் மகனுக்கு இன்று என்ன நடந்தது என்று கேட்பதில்லை. திரையில் நான்கு பெண்கள் அடைபட்டிருப்பதற்காக அழுகிறோம். நம் மருமகள் வேலைக்குப் போகக் கேட்டால் “பாத்துக்கலாம்” என்று தள்ளிவைக்கிறோம். கதைக்குச் செலவிடும் பொறுமையில் ஒரு பங்கு, கனி காணாத அத்திமரங்களாய் நம்மைச் சுற்றி நிற்கும் மனிதருக்குச் சேரவேண்டாமா?

அந்தச் சகோதரிக்கு நான் பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஒவ்வோர் இரவும் எழும்போது கையில் என்ன இருக்கிறது என்று கவனிக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். சில வாரங்கள் கழித்து, விட்டுவிட்டதாகச் சொன்னார். இப்போது ஒன்பதரைக்கு மகளோடு வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறாராம். சில நாள் பேச்சு, சில நாள் வெறுங்காற்று. அந்த அரைமணி நேரத்தைச் சபைக்கென்று நான் கேட்கவில்லை. எந்தக் கூட்டத்திற்கும் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை. உழைத்துக் களைத்த ஒரு பெண்ணின் இளைப்பாறுதல் ஆண்டவருக்கு முன்பாக மதிப்புள்ளது என்றே நான் நம்புகிறேன். எவ்வாறு இளைப்பாறுவது என்பதை அவரே தெரிந்தெடுத்தார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பிரியமானவர்களே, இவ்வாரம் உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் தொடர் எதுவோ, அதன்முன் ஒருமுறை குனிந்து தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் மகிழ்ச்சியாய்ப் பாருங்கள்; அது பிசுபிசுத்துக்கொண்டே இருக்கிறதா என்று அவ்வப்போது சோதியுங்கள். இல்லையென்றால், முடிவு தெரியாமலே விட்டுவிடுங்கள். அதனால் உங்களுக்கு எந்தக் குறையும் வராது. தவணை கொடுக்க வேண்டிய மனிதர் ஒருவர் உங்களுக்கு நினைவுக்கு வந்தால், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரிடத்தில் போங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, விடவேண்டியதை விடத் துணிவும், விடக்கூடாதவர்களை விடாதிருக்கப் பொறுமையும் எங்களுக்குத் தாரும். எங்கள் இரவுகளின் அரைமணி நேரங்களையும் உம் கரத்தில் ஒப்புவிக்கிறோம். ஆமென்.