நாற்காலி வார்டு

நவம்பர் 12

போர்ட்ஃபோலியோவில் இதைப் பற்றி ஒரு ‘ரிஃப்ளெக்‌ஷன்’ எழுதச் சொன்னார் கன்சல்டன்ட். எழுதத்தான் வேண்டும். ஆனால் 2018 ஜனவரியில் இங்கே இங்கிலாந்தில் ஒரு டிரெய்னி டாக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கி, ஆகஸ்டில் அப்பீலுக்குப் பிறகு திரும்பச் சேர்த்தார்கள். அதிலிருந்து, எழுதுவது நமக்கே எதிராகத் திரும்புமோ என்ற பயத்தில், அந்தப் பக்கத்தைத் திறந்தாலே எங்களுக்கெல்லாம் வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் வாக்கியம் வருகிறது. நடந்ததை இங்கே தமிழில் வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் யூனிட்டில் பரிசோதனைக்கு இரண்டு கட்டில், மற்றபடி நாற்காலிதான். கால் வீக்கம், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு என்று வருகிறவர்களுக்கு அன்றைக்கே ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, வார்டில் சேர்க்காமல் ராத்திரிக்குள் வீட்டுக்கு அனுப்புகிற இடம். அனுப்பலாமா என்பதைப் பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரார் முடிவு செய்வார். கன்சல்டன்ட்டுக்கு ஒரு படி கீழே, அதாவது நான்.

செவ்வாயன்று வந்தவருக்கு 74 வயது. சி.டி.யில் நுரையீரலில் சின்ன ரத்தக்கட்டு. நாடி 88, ஆக்சிஜன் 96, பிரஷர் ஒழுங்கு. ஆபத்து ஸ்கோர் பூஜ்யம், வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம். ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் 5 மில்லிகிராம்: முதல் ஏழு நாள் காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. பிறகு வேளைக்கு ஒன்று. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். “மகன் இருக்கிறான், டாக்டர்.” டிக் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தபால்காரர் முனகல் கேட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். மனிதர் ராத்திரி முழுக்க சமையலறைத் தரையில் கிடந்திருக்கிறார். உடம்பு ஜில்லிட்டு, விலாப்பக்கமெல்லாம் கன்றிப்போய். தலையில் ரத்தக்கசிவு இல்லை. மகன் இருப்பது ஆஸ்திரேலியாவில்.

மாத்திரை அட்டையும் கூடவே வந்தது. எட்டு போயிருக்க வேண்டும், மூன்று குழிதான் காலி. நான்காவதில் ஃபாயில் கிழியவில்லை. நகம் பட்டுப் பட்டு நசுங்கியிருந்தது. அந்த விரல் முட்டிகளை நான் செவ்வாயன்றே பார்த்தவள்தான். கையில்தான் நாடி பிடித்தேன்.

நவம்பர் 13

தூக்கமில்லை.

நவம்பர் 15

பாலக்காட்டு நர்ஸ் நன்றாகத் தமிழ் பேசுவார். மருந்து அறையில் மெதுவாகக் கேட்டார்: “அன்னிக்கு அவர் சாண்ட்விச் ரெண்டு வாங்கினாரே, பாத்தீங்களா? ஒண்ணைக் கோட்டுப் பைல வெச்சுக்கிட்டார். மகனுக்குன்னார்.”

பார்த்தேன். முக்கோண டப்பா, சீஸும் வெங்காயமும். நல்ல அப்பா என்று நினைத்துக்கொண்டு டிஸ்சார்ஜ் கடிதத்துக்குத் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 19

தவறு நடந்தால் நோயாளியிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2014 முதல் இங்கே சட்டமே இருக்கிறது. கன்சல்டன்ட்டும் நானும் வார்டுக்குப் போனோம். மனப்பாடம் செய்துகொண்டு போன நாலு வரியில் இரண்டாவதிலேயே மறித்தார். “நான் பொய் சொல்லவில்லையே. மகன் இருக்கிறான் என்றேன். இருக்கிறான்.” அப்புறம் வார்டு டீ வாயில் வைக்க விளங்கவில்லை என்று கன்சல்டன்ட்டிடம் புகார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேல். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் 24

அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறதாம். அவர் சொல்லவில்லை, கும்பகோணத்திலிருந்து எதிர்வீட்டு அக்கா சொன்னார். “மாத்திரையெல்லாம் வேளாவேளைக்கு எடுத்துக் குடுக்க வீட்ல ஆள் இருக்காங்களான்னு டாக்டர் கேட்டாரும்மா. பொண்ணே டாக்டர்தான், அவ பாத்துக்கறான்னு சொல்லிட்டு வந்துட்டார் உங்கப்பா.”

வீடியோவில் காலைக் காட்டச் சொன்னேன். போனை எப்படியோ திருப்பி சீலிங் ஃபேனைக் காட்டிக்கொண்டு, “நீ சாப்பிட்டியாம்மா?” என்றார்.

நவம்பர் 27

இன்றைக்கு மூன்று பேரை வார்டில் சேர்த்தேன். போன மாதமாக இருந்தால் மூவரையும் அனுப்பியிருப்பேன். பெட் மேனேஜர் இரண்டு முறை போன். எமர்ஜென்சி வராந்தாவில் டிராலிகள் வரிசை. கடைசி டிராலியில் இருந்த கிழவிக்குக் காலையிலிருந்து படுக்கை இல்லை. என் மூன்று பேர் படுக்கையில் உட்கார்ந்து ஜெல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 28

மழை. லீவு. ரசம் வைத்தேன், புளி தூக்கலாகிவிட்டது.

டிசம்பர் 2

79 வயது அம்மா, காலில் ரத்தக்கட்டு. அதே மருந்து. வீட்டில் யார்? “பூனை.” கடைசியாக யார் வந்து கதவைத் தட்டினார்கள் என்று கேட்டேன். யோசித்தார், பதில் வரவில்லை. அட்டையைக் கையில் கொடுத்து ஒரு மாத்திரையை எடுத்துக் காட்டச் சொன்னேன். கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, ஃபாயிலை ஒரே கீறலில் பிளந்துவிட்டு என்னைப் பார்த்தார். பூனைக்குச் சாப்பாடு போட வேண்டுமாம். அனுப்பிவிட்டேன்.

ஒன்பதரைக்கு யூனிட்டிலிருந்தே போன் அடித்தேன். எடுக்கவில்லை. தூங்கியிருப்பார். பத்து மணிக்கு விளக்கை அணைப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை.