கல்லுக்குள் கிடந்த கடற்பிராணி

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறி, ஆக்ஸ்மின்ஸ்டரில் இறங்கி பஸ் பிடித்தால் லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூருக்குப் போய்ச் சேரலாம். இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் வட்டாரத்து ஊர் அது. கடலோரம் நெடுகச் சாம்பல் நிறப் பாறைச் சரிவுகள். ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் இவை கடலடிச் சேறாக இருந்தன. அன்று புதைந்த பிராணிகளின் எலும்புகள் இன்று கல்லாகிக் கிடக்கின்றன. குளிர்காலப் புயலில் சரிவு இடியும்போது அவை தலைகாட்டும்.

1811-இல் ஜோசப் ஆனிங் என்ற பையன் இங்கே நான்கடி நீள மண்டையோடு ஒன்றைக் கண்டான். தச்சரான தந்தை முந்தின ஆண்டுதான் கடனை வைத்துவிட்டு இறந்திருந்தார். மறு ஆண்டு அவன் தங்கை மேரி, அதே பிராணியின் உடலையும் கண்டுபிடித்தாள். மீன் போன்ற உடல்கொண்ட இக்தியோசார் என்னும் கடல் ஊர்வன அது.

அன்பர்களே, கண்டெடுப்பது பாதி வேலைதான். எலும்பும் கல், அதை மூடியிருப்பதும் கல். பால் வெட்டுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும். கத்தி சற்று ஆழமாய்ப் போனால் மரம் காயப்படும். மரத்தின் காயமாவது ஆறும். எலும்பு பெயர்ந்தால் பெயர்ந்ததுதான்.

இன்று காற்றழுத்தத்தால் அதிரும் ஊசிமுனை உளியும், மென்பொடியைப் பீய்ச்சும் குழாயும் வந்துவிட்டன. சுண்ணாம்புக் கல்லை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கரைப்பதும் உண்டு. தோட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்கிறோமே, அந்தப் பார்மிக் அமிலமும் இதற்கு உதவுகிறது! வெளிப்படும் எலும்புக்குப் பிசின் பூசி, நீரில் அலசி, மீண்டும் ஊறவைப்பார்கள். ஒரு பிராணி முழுதாய் வெளிவர மாதங்கள், சமயத்தில் ஆண்டுகள்கூட ஆகும்.

ஆனிங் குடும்பத்துக்குக் கிடைத்தது சுமார் 23 பவுன். 1814-இல் எவரார்ட் ஹோம் என்ற அறுவை மருத்துவர் அப்பிராணியைப் பற்றி எழுதினார். ஆனிங் பெயரே அதில் இல்லை. கல்லை நீக்கிச் சுத்தம் செய்த பெருமையையும் லண்டன் காட்சிசாலை ஊழியர்களுக்கே கொடுத்துவிட்டார். புவியியல் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919-இல். மேரி 1847-இலேயே மறைந்துவிட்டார்.

அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இன்று ஊர் அருங்காட்சியகம் நிற்கிறது. 2022-இல் சிலையும் வைத்தார்கள். அந்த மண்டையோடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டன் போகிறவர்கள் இப்படிப்பட்ட எலும்புகளைப் பார்க்கும்போது, பல்லின் நீளத்தை வியப்பதோடு நின்றுவிட வேண்டாம். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே இருந்த கல்லை எடுத்த கைகளையும் ஒரு கணம் நினையுங்கள்.