சைக்கிள் போலீஸ்

சைரன் வச்ச கார் இருக்கும்போது போலீஸ்காரருக்கு எதுக்குங்க சைக்கிள்?

அமெரிக்காவுல சியாட்டில் நகரம் 1987-லயே இதுக்குப் பதில் சொல்லிடுச்சு. பஸ் சுரங்கப்பாதைக்காக நகரத்தோட நடுப்பகுதியைத் தோண்டிப் போட்டிருந்த நேரம். நெரிசல்ல ரோந்து கார் நகர மாட்டேங்குது. பால் கிரேடி, மைக் மில்லர்னு ரெண்டு போலீஸ்காரங்க மவுண்டன் பைக்ல கிளம்பிட்டாங்க. சந்து பொந்தெல்லாம் புகுந்து போகலாம். சத்தமும் இல்லையா, பக்கத்துல வந்து நிக்கிற வரைக்கும் போதை மருந்து விக்கிறவனுக்குத் தெரியாது!

எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. கார் கண்ணாடியை ஏத்திவிட்டுப் போறவரை நிறுத்தி யாரு பேசுவா? சைக்கிள்ல வர்றவர்கிட்ட வழி கேக்கலாம், குறை சொல்லலாம்.

ஆனா 2020-ல ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலையை எதிர்த்து ஜனங்க திரண்டப்போ, பல அமெரிக்க நகரங்கள்ல போலீஸ் அதே சைக்கிளைக் குறுக்கே வரிசையா நிறுத்தி வேலி ஆக்கினாங்க. அதை வச்சே ஆளுங்களைத் தள்ளினாங்க. ஃபூஜி சைக்கிள் கம்பெனி அந்த ஜூன்ல அமெரிக்க போலீஸுக்கு விக்கிறதையே நிறுத்தி வச்சுது.

ரோந்துக்கு சைக்கிள் வேணும்னுதான் நான் இப்பவும் சொல்வேன். ஆனா அதாலயே இடி வாங்கினவன் மறுநாள் அவர்கிட்ட வந்து வழி கேப்பானா? நீங்களே சொல்லுங்க மக்களே.