ராஜாவின் கால்

போன டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மெரினாவில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் நண்பர். வேப்பேரியில் படித்து, முப்பது வருஷம் ஊர் ஊராக மாடு, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்துவிட்டு ரிட்டயர் ஆன கால்நடை டாக்டர்.

பத்தடி தள்ளி ஒரு குதிரை. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் மாலை. சவாரி கிடைக்காமல் சும்மா நின்றுகொண்டிருந்தது. 'சும்மா' என்று சொல்வது தப்பு. பின்னங்காலைத் தூக்கி மணலில் ஒரு போடு. இரண்டு விநாடி அமைதி. மறுபடி ஒரு போடு. அப்புறம் ஒரு காலால் இன்னொரு காலை அழுத்தித் தேய்த்தது.

ஒரு அப்பா தன் குழந்தையிடம், "பாரும்மா, குதிரை டான்ஸ் ஆடுது!" என்று காட்டினார். குழந்தை கை தட்டியது. குதிரைக்காரப் பையன் கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்து, "திமிரப் பாரு, ஒழுங்கா நில்லு" என்றான்.

அந்த 'திமிர்' என்ற வார்த்தைதான் எனக்கு சுண்டலை இறங்கவிடாமல் செய்தது.

1971. கும்பகோணம். எனக்கு ஒன்பது வயசு. நானும் தங்கையும் பள்ளிக்கூடத்துக்கு ஜட்காவில் போவோம். மாசச் சம்பளம் பேசின வண்டி. ஓட்டுகிறவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். குதிரையின் பெயர் ராஜா. பெயருக்கும் அதன் விலா எலும்புகளுக்கும் சம்பந்தமில்லை. "முன்னால தள்ளி உக்காருங்க தம்பி, பாரம் பின்னால போவுது" என்று பாய் தினமும் சொல்வார். சவுக்குக் கம்பைச் சக்கரத்தின் ஆரக்கால்களில் கொடுத்து 'கடகட'வென்று ஒரு சத்தம் எழுப்புவார் பாருங்கள், அதற்காகவே பள்ளிக்கூடம் போகலாம்.

பாயின் லாயம் எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால். அந்த வருஷம் மார்கழியில் ராத்திரியெல்லாம் 'டொக்... டொக்...' என்று சத்தம் வர ஆரம்பித்தது. ராஜா கல் தரையில் காலை அடித்துக்கொண்டிருந்தது. அப்பா புரண்டு படுத்து, "சனியன், தூங்க விடுதா பாரு" என்பார். பகலிலும் அப்படித்தான். வண்டியை நிறுத்தினால் நிற்காது. காலை உதறும், தன் காலைத் தானே கடிக்கும். பாய் பொறுமைசாலி, அவரே ரெண்டு முறை சவுக்கால் வீசினதைப் பார்த்திருக்கிறேன். "கொள்ளு தின்ன கொழுப்பு. திமிரு ஏறிப்போச்சு."

ஆனாலும் வைத்தியம் பண்ணினார். புங்க எண்ணெயைக் காய்ச்சி, அதில் கந்தகப் பொடியைக் குழைத்து, குளம்புக்கு மேலே ரோமம் அடர்ந்த இடத்தில் சாக்குத் துணியால் தேய்ப்பார். தெருவே நாறும். ஒரு வாரத்தில் சத்தம் நின்றது. பாயும் எண்ணெயை நிறுத்தினார். ரெண்டு மூணு வாரம் கழித்து மறுபடி 'டொக்... டொக்...'

ஒருநாள் தங்கை வண்டியிலிருந்து இறங்கும்போது ராஜா காலை உதைத்துக்கொள்ள, வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அவள் படி தவறி விழுந்து முழங்கை சிராய்ந்தது. வீட்டில் கேட்டார்கள். நான், "குதிரை உதைச்சிடுச்சுப்பா" என்றேன்.

உதைக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிச் சொன்னால் அப்பா எனக்கு வாடகை சைக்கிள் ஏற்பாடு பண்ணுவார் என்று ஒரு நப்பாசை. சைக்கிள் வரவில்லை. பாயின் வண்டிதான் நின்றது. 'உதைக்கிற குதிரை' என்ற செய்தி தெரு முழுக்கப் பரவி, மற்ற ரெண்டு வீட்டுப் பிள்ளைகளும் நின்றார்கள். அடுத்த மாசம் லாயத்தில் ராஜா இல்லை. யாரிடம் விற்றார், என்ன விலைக்கு, எதுவும் நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் மெரினாவில் நண்பரிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு குதிரையிடம் போய்விட்டார். ரிட்டயர் ஆனாலும் கை சும்மா இருக்காது.

"எத்தினி நாளா தம்பி இப்படி?"

"ஒரு மாசமா சார். நைட்ல தூங்கவே வுடமாட்டேங்குது. வேஸ்ட் ஆயில் வாங்கித் தடவுனேன்."

வேஸ்ட் ஆயில் என்றால் மெக்கானிக் ஷெட்டில் வண்டியிலிருந்து வடித்துக் கொட்டும் கறுப்பு எண்ணெய். நம் ஊரில் எருமைக்கும் தெருநாய்க்கும் இதுதான் சர்வரோக நிவாரணி. நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த எண்ணெய் தோலை வேகவைக்கும், குதிரை காலை நக்கினால் வயிற்றுக்குள் விஷமாக இறங்கும். "அடுத்து என்ன பண்றதா இருந்தே?" என்றார்.

"மாட்டுக்கு உண்ணி மருந்து விக்கிறாங்க சார், அத்த வாங்கி ஊத்தலாம்னு..."

நண்பர் அவன் தோளைப் பிடித்தார். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணிக்குப் போடும் அமிட்ராஸ் என்ற மருந்து குதிரைக்கு ஆகாது. குடலின் அசைவை நிறுத்திவிடும். சாணி அடைத்து, வயிறு உப்பி, குதிரை செத்தே போகலாம். ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் நாங்கள் வேறு கதை கேட்டிருப்போம்.

மறுநாள் காலை, கடற்கரைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்த லாயத்துக்குப் போனோம். மூன்று குதிரைகள். நண்பர் மொட்டைக் கத்தியில் துளி எண்ணெய் தொட்டு, குளம்புக்கு மேல் இருந்த பொருக்கைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் எடுத்துக்கொண்டார். மழைக்குப் பிறகு ஈரத்தில் வருகிற புண்ணாகவும் இருக்கலாம், கொசு மாதிரியான பூச்சிகள் கடித்ததாகவும் இருக்கலாம். பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்றார். தெரிந்தவர் கிளினிக்கில் மைக்ராஸ்கோப் கிடைத்தது. "நீயும் பாருய்யா" என்றார்.

பார்த்தேன். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஜந்து. எட்டுக் கால். கால் நுனியில் குட்டிக் கிண்ணம் மாதிரி ஒட்டிக்கொள்ளும் உறுப்பு. வெளிச்சம் பட்டதும் பரபரவென்று ஓடுகிறது. பேனும் இல்லை, உண்ணியும் இல்லை. மைட் என்கிற சொறிப்பூச்சி வகை. பெயர் கோரியாப்டிஸ். குளிர் காலத்தில்தான் கொண்டாட்டம். இங்கிலாந்தில் காலில் குஞ்சம் மாதிரி ரோமம் தொங்கும் ஷையர் என்ற பெரிய வண்டிக் குதிரைகள் உண்டு. அவற்றுக்கு இதுதான் தீராத தொல்லையாம்.

"உடம்புல ஈ உக்காந்தா குதிரை தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும், பார்த்திருக்கியா? அந்த வித்தை கணுக்கால்ல நடக்காது. வாலும் எட்டாது. தரையில அடிக்கிறதத் தவிர அதுக்கு வேற வழி கிடையாது" என்றார்.

"அப்ப பாயோட கந்தகம்?"

"மருந்து சரி. கணக்குதான் தப்பு."

முதல் உலகப் போரில் சொறி பிடித்த குதிரைகளுக்கு பிரிட்டிஷ் ராணுவம் பெரிய தொட்டி கட்டி, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலில் இறக்கி, நனைத்து ஏற்றியது. பாய் அதையே எங்கள் கொல்லைப்புறத்தில் செய்திருக்கிறார். ஆனால் மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டையிலிருந்து வளர்ந்து அடுத்த முட்டை இட ஏறக்குறைய மூன்று வாரம். ஒரு வாரத்தில் நிறுத்தினால் மிச்சம் இருந்த முட்டைகள் பொரிந்து புதுக் குடித்தனம் ஆரம்பித்துவிடும். தவிர, பூச்சி குதிரை மேல் மட்டும் இல்லை. கீழே போட்ட வைக்கோலில், தேய்க்கும் பிரஷ்ஷில், பாயின் சாக்குத் துணியில் வாரக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

ஐவர்மெக்டின் கொடுத்தால் போதாதா என்று என் அரைகுறை அறிவைக் காட்டினேன். ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பிறந்த மருந்து. கண்டுபிடித்த ஒமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் 2015-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2021-ல் அமெரிக்காவில் சிலர் கொரோனாவுக்கு என்று குதிரைக்கான ஐவர்மெக்டின் பசையை வாங்கித் தின்று ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். குதிரை இதைக் கேட்டால் சிரிக்கும். நண்பர் சிரிக்கவில்லை. தோலைக் குடைந்து உள்ளே வாழும் பூச்சிக்கு அது நல்ல மருந்து. இது மேலாகவே உட்கார்ந்து உதிரும் செதிலைத் தின்கிற ரகம். உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து இதை முழுசாக எட்டாது. வெளியிலிருந்துதான் அடிக்க வேண்டும்.

புது வருஷத்தின் மறுநாள் வைத்தியம் ஆரம்பித்தது. கணுக்கால் ரோமத்தை ஒட்ட வெட்டினார்கள். பொடுகு ஷாம்புவில் இருக்கும் அதே செலினியம் சல்ஃபைட் சேர்ந்த ஷாம்புவைப் போட்டு, பத்து நிமிஷம் ஊறவிட்டுப் பொருக்கெல்லாம் போகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, குளம்பிலிருந்து முழங்கால் வரை மருந்தை ஸ்ப்ரே பண்ணினார் டாக்டர். வைக்கோலைக் கொளுத்தினோம். பிரஷ், சேணத் துணி எல்லாம் கொதிநீரில் போட்டு வெயிலில் காய்ந்தன.

"இதுக்குத்தானே சார் அரிக்குது, அதுங்க ரெண்டும் நல்லாத்தானே கீது?" என்றான் பையன்.

"அரிக்காமலே பூச்சியை வெச்சிருக்கும். மூணுக்கும் போடு."

ரெண்டாவது முறை பதினாலாம் நாள். அன்றைக்குக் காணும் பொங்கல். கடற்கரையில் கூட்டம் அலைமோதும். குதிரைக்காரர்களுக்கு வருஷத்தின் பெரிய வசூல் நாள். முதலாளி போனில் கத்தினார். "நாலு நாள் தள்ளிப் போட்டா குடியா முழுகிடும்?" நண்பர் நிதானமாக, "முட்டை உங்க லீவு பாத்துப் பொரியாதுங்க" என்றார். முதலாளி போனை வைத்துவிட்டார். பையன் எங்கள் முகத்தைப் பார்த்தான். வேலை போனால் நாங்கள் என்ன செய்வோம் என்று அவன் கேட்கவில்லை; கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். முதல் நாள் ராத்திரி சவாரி முடிந்ததும் மூன்றையும் தானே கழுவித் துடைத்துக் காயவைத்துவிடுவதாகவும், டாக்டர் விடிகாலை வந்தால் போதும் என்றும். ஐந்து மணிக்குப் போனோம். லாயத்தில் நாற்பது வாட் பல்பு. பன்னிரண்டு கால்களும் சுத்தமாகக் காய்ந்திருந்தன. பையனின் கண்கள் சிவந்திருந்தன. எட்டு மணிக்கெல்லாம் குதிரைகள் மாலை போட்டுக்கொண்டு மணலில் நின்றன.

ஜனவரி கடைசியில் மூன்றாவது முறையாகப் போனோம். சுரண்டிப் பார்த்ததில் பூச்சி இல்லை. வெட்டின ரோமம் கடுகளவு முளைத்திருந்தது. வெள்ளைப் பொட்டுக் குதிரை ஒரு பின்னங்காலை மடக்கி, குளம்பு நுனியை மட்டும் தரையில் ஊன்றி, கீழுதடு தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். ராஜா இல்லை. விஜய்.

"எப்படிப்பா இருக்கு இப்ப?" என்றேன்.

"நைட்ல சத்தமே இல்ல சார்" என்றான் பையன். "எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது. நடுவுல நடுவுல ஏந்து, நிக்குதான்னு பாத்துக்கினு வரேன்."