முப்பது பென்சில்

போன மாதம் சிறையில் எனக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. அதே மேடையில் வன்முறை தவிர்ப்புப் பயிற்சி ஒன்றின் நிறைவு விழாவையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். பயிற்சி இரண்டு மணி நேரம்; சான்றிதழ் 150 பேருக்கு. பயிற்சி கொடுத்த இளைஞர் மைக்கைப் பிடித்து, “இந்தச் சுவருக்குள் மனமாற்றத்துக்கு இதுவரை யாரும் முயன்றதில்லை” என்றார். மூன்றாம் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். மத்திய சிறைப் பள்ளியில் 27 வருஷம் வாத்தியார். அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பிளாக்கில் அடிதடி எங்கே தொடங்குகிறது என்று மேடையிலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீர்த் தொட்டியடியில் தொடங்கும். பீடியில் தொடங்கும். மனு போட்டுப் பார்க்க வீட்டார் வராத நாளில் தொடங்கும். நான் பார்த்தவரை, கடிதத்தில் தொடங்கியது அதிகம்.

ஆயுள் கைதி ஒருவர், வயது ஐம்பதை நெருங்கும், கைநாட்டு. வீட்டுக் கடிதத்தைப் பக்கத்து செல்காரன் படித்துச் சொல்வான், பதிலும் அவனே எழுதுவான். மகள் யாரோடோ போய்விட்டாள் என்று ஒரு கடிதம் வந்தது. இவருக்குச் சொல்லும் முன்பே பிளாக் முழுக்கச் சேதி பரவிவிட்டது. மறுநாள் ரோல்காலுக்குள் சாப்பாட்டுத் தட்டால் படித்தவன் நெற்றியைப் பிளந்துவிட்டார். ரிமிஷன் என்ற தண்டனைக் குறைப்பு போயிற்று, தனி செல். அதிலிருந்து வெளியே விட்ட அன்றே பள்ளிக்கு வந்து நின்றார். “வாத்தியாரே, காயிதத்த நானே படிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.”

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் இருந்தவன் நான். பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தர ‘அ’வில் தொடங்கக் கூடாது, ட, ப, ம என்றுதான் போக வேண்டும். முதல் நாளே ‘படம்’, ‘பட்டம்’ என்று படித்துவிட்டால்தான் இரண்டாம் நாள் ஆள் வரும். இவருக்கோ எழுத்து தெரிந்துவிட்டது, கைதான் வழிக்கு வரவில்லை. கல் உடைத்த கை. பென்சிலை உளி மாதிரிப் பிடிப்பார். ‘ப’வின் அடிக்கோட்டுக்கு வரும்போது முனை ஒடியும், தாள் கிழியும். ஒரு நாள் ஏழு முறை ஒடிந்தது. பலகையைச் சுவரில் எறிந்தார். வார்டர் ஓடி வந்தார். கை தவறி விழுந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் ஒரு தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னேன். இரண்டு மாதம் மணல்தான். பிறகும் மூன்று மாதம் ஆயிற்று, அந்தப் பிடி தளர. ஆறாம் மாதம் ஒரு நாள் முனை ஒடிந்தது. பல்லைக் கடிக்கவில்லை. எழுந்து வந்து, “சீவிக் குடுங்க வாத்தியாரே” என்று நீட்டினார்.

நான் கண்ட வன்முறை தவிர்ப்பு அது. மகளுக்கு அவர் எழுதிய முதல் கார்டில் நாலு வரி. ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தன. திருத்தாமல் தபாலுக்குக் கொடுத்தேன்.

பயிற்சிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1975-இல் நியூயார்க் மாநிலத்து கிரீன் ஹேவன் சிறையில் கைதிகளே கேட்டு, குவேக்கர் கிறிஸ்தவர்கள் வந்து தொடங்கியதுதான் வன்முறைக்கு மாற்றுத் திட்டம். அங்கே வட்டமாக உட்கார்ந்து நாள் கணக்கில் பேசுகிறார்கள்; பயின்ற கைதியே அடுத்தவருக்குப் பயிற்சியாளர் ஆகிறார். கிரண் பேடி சிறைத்துறை ஐ.ஜி.யாக இருந்த காலத்தில், 1994-இல், தில்லி திகார் சிறையில் ஆயிரம் பேருக்கு மேல் விபாசனா தியானத்துக்கு உட்கார்ந்தார்கள். பத்து நாள் பயிற்சி, ஏறக்குறைய முழுதும் மௌனம். இவற்றின் பெயரைச் சொல்லி இரண்டு மணி நேரம் படம் காட்டிவிட்டுப் போவது, அந்த வேலையைச் செய்தவர்களுக்கும் கைதிகளுக்கும் அவமரியாதை.

படிப்பும் இப்போது அப்படித்தான் போகிறது. பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்று மட்டும் கேட்கிறார்கள். கைடை மனப்பாடம் செய்து தேறியவன், வீட்டுக் கடிதத்தை இன்னும் அடுத்தவனிடம் நீட்டுகிறான். இதை எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசுவதில்லை. நான் வைத்த கணக்கு வேறு. தினமும் முப்பது பென்சில் எண்ணிக் கொடுத்து, முப்பதும் எண்ணி வாங்கிய பிறகுதான் நான் வகுப்பை விட்டேன். சீவிய பென்சில் அங்கே ஆயுதம். 27 வருஷத்தில் ஒன்றுகூடக் குறைந்ததில்லை.

சிறைக்குள் சேவை செய்ய நினைக்கும் இளைஞர்களே, வாருங்கள். ஒரு வருஷமாவது வாருங்கள். மனு நாளில் வேண்டாம், வகுப்பில் ஆள் இருக்காது. சான்றிதழ் அச்சடிக்கும் காசுக்கு இரட்டைக் கோடு நோட்டு வாங்கி வாருங்கள். அது அங்கே எப்போதும் பற்றாக்குறை.