இடம் மாறிய கம்பிகள்

ஒலிபெருக்கிப் பெட்டி செய்வது எளிது. அதனுள் ஒலியைப் பங்கிடுவதே கடினம். இதனை எனக்கு உணர்த்தியவர் அம்மா.

காலஞ்சென்ற அப்பாவின் பேச்சொன்று பழைய ஒலிநாடாவில் இருந்தது. அம்மா அதைத் தெளிவாகக் கேட்கவேண்டுமென்று பலகை அறுத்து இரண்டு பெட்டிகள் செய்தேன். ஒவ்வொன்றிலும் தாழ்ந்த சுருதிக்கு ஒரு வூபர். உயர்ந்த சுருதிக்கு ஒரு ருவீற்றர். இரண்டிற்கும் ஒலியைப் பிரித்தளிப்பது குறொஸ்ஓவர் என்னும் சுற்று. செக்கனுக்கு 3000 அதிர்வில் பிரிப்பதென்று கணக்கிட்டேன். 8 ஓம் தடைக்கு, பக்கத்திற்கொரு 0.85 மில்லிஹென்றிச் சுருளும் 3.3 மைக்ரோபரட் கொண்டென்சரும் வந்தன.

நாடா ஓடியது. “கிணத்துக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்குது, தம்பி” என்றார் அம்மா.

கணக்கைத் திரும்பப் பார்த்தேன், பிழையில்லை. பின்னரே விளங்கிற்று: இத்தகைய சுற்றில், பிரியும் இடத்தில் இரு ஒலிகளும் நேரெதிராக அசைந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ருவீற்றரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன்.

அம்மா கண்களை மூடிக்கொண்டார்.

“இப்பதான் அப்பா கதைக்கிறார்.”

என் கணக்குக் காணாத பிழையை, நாற்பது ஆண்டுகள் அக்குரலைக் கேட்ட செவி கண்டுபிடித்துவிட்டது.