பட்டாளத்துத் தொப்பி

முக்கூடற்பள்ளு என்றதும் எங்கள் ஊரை நினைத்துக்கொள்பவர்கள் பலர். அந்த நூல் பாடும் முக்கூடல் சீவலப்பேரிக்கு அருகே, தாமிரபரணியும் சிற்றாறும் கோதண்டராம நதியும் கலக்குமிடம். எங்கள் முக்கூடல் அதற்கு வெகு மேற்கே, பாப்பாக்குடிப் பக்கம். பீடிக்கும் முத்துமாலை அம்மனுக்கும் பெயர்பெற்றது. வெளியூர் இலக்கிய நண்பர்களிடம் இதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அவர்கள் முகத்தில் சிறிய ஏமாற்றம் தெரியும். பெயர் ஒத்துப்போனால் போதும், வரலாறு தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. பழைய ராணுவத் தலைக்கவசங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. அவற்றோடு வரும் கதைகளில் பாதிக்குமேல் இப்படி ஒட்டிக்கொண்டவைதாம்.

நெல்லைச் சீமையில் பட்டாளத்துக்குப் போகாத தெரு அரிது. போனவர்கள் கொண்டுவந்த இரும்புத் தொப்பி கோழிக்குத் தண்ணீர் வைக்கவும் சாந்து அள்ளவும் பயன்பட்டு, கடைசியில் காயலான் கடைக்கு வந்து சேரும். அகன்ற விளிம்பும் ஆழமில்லாத குழிவுமாக, கவிழ்த்த சூப்புத் தட்டு போலிருக்கும். ஜான் பிரோடி என்பவர் 1915இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. பதுங்குகுழிக்குள் நிற்பவன் தலைமேல் வெடிகுண்டுச் சிதறல் விழுந்தால் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. நேராக வரும் துப்பாக்கிக் குண்டை அது தடுக்காது. 1938இல் அதன் உள்ளமைப்பை மாற்றி இரண்டாம் வகை வந்தது. இந்தியாவிலும் அது தயாரானது. சுதந்திரத்துக்குப் பின்னும் நம் ராணுவம் வெகுகாலம் அதை அணிந்தது. ஆகவே இங்கே கிடைக்கும் எல்லாத் தொப்பியும் உலகப்போரைப் பார்த்ததில்லை.

அடையாளம் காண்பதற்கு முதலில் வேண்டியது ஒரு காந்தம். ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882இல் கண்டுபிடித்த மாங்கனீசு எஃகு காந்தத்தை ஈர்ப்பதில்லை. நல்ல போர்க்களத் தொப்பி இந்த எஃகால் ஆனது. காந்தம் குழிவில் ஒட்டாமல் விளிம்பில் மட்டும் ஒட்டினால், அது முதல் உலகப்போர்த் தொப்பியாக இருக்க வாய்ப்புண்டு. 1916க்குப் பிறகு விளிம்பின் கூர்மை கையைக் கிழிக்காதிருக்கச் சாதா இரும்பில் ஒரு வளையம் சேர்த்தார்கள். எங்கும் பளிச்சென்று ஒட்டினால், மிகப் பழைய ஆரம்பகாலத் தொப்பியாகவோ, சினிமாவுக்கும் அலங்காரத்துக்கும் செய்த நகலாகவோ இருக்கலாம். நான் கண்டவரை பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அடுத்து உச்சியைப் பார்க்க வேண்டும். முதல் வகையில் உள்ளுறையைச் செம்பு ரிவிட் ஒன்று பிடித்திருக்கும். இரண்டாம் வகையில் திருகாணி. பின்பு தாடைவார் கோத்த இடத்துக்கருகே, விளிம்பின் உட்புறத்தைத் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முத்திரை விரலுக்குத் தெரியும். பி.எம்.பி. என்றிருந்தால் மோட்டார் வண்டிக்கு உடல் செய்த பிரிக்ஸ் கம்பெனி. சி.எஸ். என்றால் ஆஸ்திரேலியா. கூடவே ஆண்டும் இருக்கும். உள்ளுறையில் தனி ஆண்டு. இரண்டும் நெருங்கியிருந்தால் அந்தத் தொப்பி பிறந்தபடியே இருக்கிறது. பத்தாண்டு இடைவெளி இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது படையே என்றால் குற்றமில்லை, அதுவும் அதன் வாழ்க்கைதான்.

விளிம்பில் துளைகள் இருந்தால் கவனம் வேண்டும். பலச்சோதனையில் தேறாத தொப்பிகளில் பிரிட்டிஷார் துளையிட்டு, போர்முனைக்கு அனுப்பாமல் விமானத் தாக்குதல் காப்புப் பணிக்கு ஒதுக்கினார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீச, சென்னையே காலியாகி மக்கள் ஊர்ப்புறம் வந்தார்களே, அந்த நாட்களின் வார்டன்கள் அணிந்த தரம் அது. ஆனால் பின்விளிம்பில் நெருக்கமாக மூன்று துளைகள் வரிசையாக இருந்தால் கதை வேறு. அது தென்னாப்பிரிக்காவில் செய்தது, முழுத் தகுதியுடைய போர்த்தொப்பி.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் முதலில் கேட்பது அதுதான். இவை லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. வெறும் ஓடு எங்கும் பெரிய விலை பெறாது. பழைய வண்ணம், உள்ளுறை, தாடைவார், உள்ளே யாரோ எழுதிய எண் அல்லது பெயர் ஆகியவையே விலையை ஏற்றுகின்றன. ஜெர்மன் தொப்பிகளுக்கு மதிப்பு மிக அதிகம், போலியும் அங்கேதான் அதிகம். நூறாண்டு கடந்த பொருளாயின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும், வெளிநாட்டுக்கு விற்க முடியாது. நம்மவர்கள் செய்யும் பெருங்கொடுமை, விற்பதற்கு முன் தேய்த்துப் பளபளப்பாக்கிப் புது பெயிண்ட் அடிப்பது. ஒரு மணிநேர உழைப்பில் எண்பதாண்டுச் சாட்சியம் போய்விடும்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றோர ஊர்களில் நனைந்த பரண்களும் டிரங்குப் பெட்டிகளும் காலியானபோது பழைய சாமான் வியாபாரிகளுக்கு நல்ல வேட்டை. அப்போதுதான் பீடி சுற்றும் ஒரு ஆச்சி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். வெள்ளத்தில் ஒரு சுவர் இடிந்திருந்தது, கையில் பணமில்லை. மாமனாரின் தொப்பியை விற்க வேண்டும். பேரன் கைப்பேசியில் எதையோ பார்த்து லட்சக்கணக்கில் போகும் என்று சொல்லியிருந்தான். வியாபாரியோ விளிம்புத் துளைகளைக் காட்டி, “இது சண்டைக்கே போவாத கழிவு, ஐந்நூறு ரூவா தாரேன்” என்றிருந்தான். ஐந்நூறைவிட அந்தப் பேச்சு அவளைச் சுட்டிருந்தது.

“எங்க மாமா பர்மா சண்டைக்குப் போனவுக. சண்டைக்கே போவலைன்னு இவன் எப்படிச் சொல்லலாம்?”

பேரன் உப்புத்தாளால் கையகலத்துக்கு ஏற்கெனவே தேய்த்திருந்தான். நிறுத்தச் சொன்னேன். தேய்த்த இடத்தில் கரும்பச்சைக்குக் கீழே மணல் நிற வண்ணம் தெரிந்தது. காந்தம் ஒட்டவில்லை. துளைகள் மூன்றும் பின்விளிம்பில் ஒன்றையொன்று ஒட்டியிருந்தன. உள்ளே, யூ என்ற ஆங்கில எழுத்துக்குள் ஓர் அம்பு. தென்னாப்பிரிக்க அரசின் முத்திரை. பாலைவனப் போரில் நின்ற பிரிட்டிஷ், இந்தியப் படைகளுக்கு வழங்கப்பட்ட சரக்கு.

தொப்பி கைமாறும் பொருள். அதை மட்டும் வைத்து ஒருவர் எங்கே போரிட்டார் என்று சொல்வதை நான் ஒப்புவதில்லை. வேறென்ன இருக்கிறது என்று கேட்டேன். பெட்டியடியிலிருந்து நனைந்து காய்ந்த ஒரு துணிப்பட்டியை எடுத்துவந்தாள். பதக்கம் என்றோ அடகுக்குப் போய்விட்டதாம். மணல் நிறப் பட்டி, நடுவே அகலமாகச் சிவப்பு, ஒருபுறம் கருநீலக் கோடு, மறுபுறம் வெளிர்நீலம். ஆப்பிரிக்கா ஸ்டார் என்ற பதக்கத்தின் பட்டி அது. 1940 ஜூனுக்கும் 1943 மேக்கும் இடையே வட ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. பர்மா ஸ்டாரின் பட்டி கருநீலமும் சிவப்பும் ஆரஞ்சுமாக இருக்கும், குழப்பிக்கொள்ள இடமில்லை. மதராஸ் சாப்பர்ஸ் படையினர் வட ஆப்பிரிக்காவில் இருந்தது ஆவணங்களில் உள்ள செய்தி. நம் பக்கத்தில் அந்தச் சண்டை முழுவதற்குமே ‘பர்மா சண்டை’ என்றுதான் பெயர். பர்மாவுக்குப் பிழைக்கப் போய்வந்த மண்ணில் வேறெந்தப் பெயர் நாவில் நிற்கும்?

சொன்னேன். ஆச்சி சற்றுநேரம் பேசவில்லை. பீடித்தட்டை நகர்த்தி வைத்தாள்.

“மாமா எப்பவும் மணலைப் பத்தியே சொல்லுவாக. மரமே கெடையாது, சோத்துல மணல், கண்ணுல மணலும்பாக. பர்மா பூராக் காடுல்லா, இவரு தேரிக்காட்டுல மாடு மேச்சுட்டு வந்து கத விடுதாருன்னு எங்க வீட்டுக்காரரே சிரிப்பாக. மாமா சாவுறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால சொல்லுறதையே விட்டுட்டாக.”

திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் மேடுகளைத் தவிர வேறு பாலையை எங்கள் ஆட்கள் கண்டதில்லை. மகன்கூட அப்பாவை நம்பவில்லை.

விலையையும் மறைக்காமல் சொன்னேன். உள்ளுறை பாதி மட்கிவிட்டது, ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. லட்சமெல்லாம் வராது. சேகரிப்பவர்கள் சில ஆயிரம் தருவார்கள், பட்டியும் சேர்ந்தால் சற்றுக் கூடலாம். சுவர் எழுப்ப அது போதாது.

மறுவாரம் வியாபாரி வந்தபோது நானும் அங்கிருந்தேன். ஆச்சி தொப்பியைக் கவிழ்த்து வைத்து, அந்த மூன்று துளைகளும் எந்த நாட்டு அடையாளம் என்று கேட்டாள். அவன் விழித்தான். எட்டாயிரம் என்றாள். பட்டி விற்பனைக்கு இல்லை என்றும் சொன்னாள். அவன் இரண்டாயிரத்தில் தொடங்கி, வெயில் முற்றத்துக்கு வருவதற்குள் நாலாயிரத்து ஐந்நூறுக்கு ஏறியிருந்தான்.